பிள்ளைக் காம்பராவும் லயத்து முற்றமும்

குழந்தையின் உள்ளம் எவ்வாறு வளர்கிறது, அன்பும் அச்சமும் நாணமும் அதன் நெஞ்சில் எப்படிக் குடிபுகுகின்றன, பிறர் மனத்தை அது எந்த வயதில் அறியத் தொடங்குகிறது என்னும் வினாக்களை மேல்நாட்டு அறிஞர் கடந்த நூற்றாண்டிலே பெரிதும் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட குழந்தைகளிற் பெரும்பாலோர் இலண்டனிலும் ஜெனீவாவிலும் அமெரிக்க நகரங்களிலும் தாய் தந்தையரோடு தனி வீட்டில் வாழ்ந்தவர்கள். காலை ஆறு மணிக்குத் தாய் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட, ஒரு கிழவியின் மடியில் பகலெல்லாம் கழித்த குழந்தையை அந்த ஏடுகளிலே காண்பது அரிது. ஆயினும், தாய் வேலைக்குப் போனபின் பிள்ளையின் கதி என்ன என்று இன்று நகரத்துப் பெற்றோர் கவலையோடு கேட்கும் கேள்விக்கு மஸ்கெலியாத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தின் வரலாற்றை நேயர்கள் சற்றே கேட்பது பயனுடையது.

மஸ்கெலியா, சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழை தன் முழு வலிமையோடு கொட்டும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் காடுகள் வெட்டப்பட்டு முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் நடப்பட்டன. கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் நடந்து வந்தவர்களுள் ஆடவரே மிகுதி. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. கொழுந்து எடுக்கப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்களாகக் கூட்டி வருவதே துரைமாருக்கு இலாபமாயிற்று. தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே வளரும் குழந்தை என்பது தேயிலையோடு பெருகிய ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

அக்குழந்தை கண்விழித்த வீடு லயத்துக் காம்பரா. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இத்தகைய காம்பராக்கள் பத்தோ இருபதோ ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள். ஒரு காம்பராவில் எழும் சண்டையும் சமாதானமும் இருமலும் தாலாட்டும் அடுத்த காம்பராவுக்குத் தெளிவாகக் கேட்கும். இந்த நெருக்கத்தைக் குறித்து ஆணைக்குழுக்களும் வைத்தியர்களும் எழுதியவை அனைத்தும் உண்மையே. காற்றில்லை, வெளிச்சமில்லை, அடுப்புப் புகை கண்ணை எரிக்கும், நோய் எளிதிற் பரவும். எனினும் அந்த அறிக்கைகளை எழுதியோர் லயத்தைச் சுவர்களால் அளந்தனரேயன்றி அதன் உறவுகளைக் கொண்டு அளக்கவில்லை. இரத்த உறவு இருந்தாலும் இல்லாவிடினும் அடுத்த காம்பராப் பெண் அத்தையானாள். எதிர்க் காம்பரா முதியவர் தாத்தாவானார். கிழவிகள் அம்மாயியும் அப்பாயியும் ஆயினர். கடல் கடந்து வந்தபோது ஊரிலே விட்டுவந்த சுற்றத்தை இவ்விதமாக வாய்ச்சொல்லாலேயே அவர்கள் மீண்டும் கட்டிக்கொண்டனர். (சாதி பார்த்து லயம் பிரித்த கங்காணிமாரின் வழக்கமும் கூடவே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. யாருடைய காம்பராவிலே தண்ணீர் குடிக்கலாம், யாருடையதிலே கூடாது என்பதையும் பிள்ளை அதே இஸ்தோப்பில்தான் கற்றது.)

தொடக்கக் காலத்தில் கைக்குழந்தையைத் தாய் மலைக்கே தூக்கிச் சென்றாள். மரக்கிளையிலே சேலையைக் கட்டித் தூளியாக்கி, மழை தூறினால் கம்பளியைப் போர்த்தி, நிரையிலே கொழுந்தெடுத்துக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தாள். அட்டையும் குளிரும் மழையும் குழந்தைகளை வாட்டின. தாயின் கவனம் சிதறினால் கூடையின் எடையும் குறைந்தது. பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக் காம்பரா தோன்றியதற்குக் குழந்தைகள்பால் கொண்ட இரக்கம் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. கொழுந்தின் எடையும் ஒரு காரணமே. பிள்ளை மடுவம் என்றும் இதனை வழங்குவர். பெரும்பாலும் லயத்துக்கு அண்மையில் ஒரு நீண்ட அறை; உத்தரத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டில்கள்; தரையிலே பாய்; ஒரு மூலையில் அடுப்பு. அங்கே ஆயாவாக அமர்த்தப்பட்டவள் வழக்கமாக மலையேறி வேலை செய்ய முடியாத முதிய பெண். அவளுக்குப் பயிற்சி ஏதும் இல்லை, எழுத்தறிவும் இல்லை. தாய்மார் காலைப் பெரட்டுக்கு ஓடுமுன் பிள்ளையை அவளிடம் விட்டுப் போவர். பகலில் கொழுந்து நிறுக்க வரும் வேளையில் ஓடிவந்து பால் கொடுத்துப் போவர். மாலையில் படங்கைக் கழற்றியவுடன் தூக்கிச் செல்வர். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பிரசவகாலச் சம்பளத்தை உரிமையாக்கிற்று. வேலைநேரத்திலே பிள்ளைக்குப் பாலூட்டும் இடைவேளையும் பிற்காலத்தில் அச்சட்டத்தில் இடம்பெற்றது. சட்டம் வருமுன்பே தாய்மார் தாமாக ஓடிவந்துகொண்டிருந்தனர்; ஓடிய நேரத்துக்குக் கங்காணியிடம் ஏச்சும் வாங்கினர்.

இந்த இடத்திலே மேல்நாட்டு ஆராய்ச்சிக்குச் சற்றுத் திரும்புவோம். 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி என்னும் ஆங்கில மனநோய் மருத்துவர் ஓர் அறிக்கை எழுதினார். போரினால் வீடிழந்து விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளை முன்னிட்டு எழுந்தது அது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் மனம் ஆழமாகப் புண்படும் என்று அவர் கூறினார். இக்கூற்று உலகெங்கும் பரவியபோது, வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்குத் தீங்கிழைக்கிறாள் என்ற பொருளிற் பலரால் வழங்கப்பட்டது. போல்பி எழுதியதைக் கூர்ந்து படித்தால், தாயோ தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோ என்றே அவர் குறிப்பிட்டிருப்பது தெரியும். நிலையாக என்ற அச்சொல்லிலேதான் விடயம் முழுவதும் தங்கியிருக்கிறது. அவருடைய கூட்டாளியான மேரி எயின்ஸ்வேர்த் 1954ஆம், 1955ஆம் ஆண்டுகளில் உகண்டாவின் கிராமங்களிலே தாயையும் சேயையும் வீடு வீடாகச் சென்று கவனித்தார். அங்கே தாய்மார் தோட்டத்திற் கொத்தப் போயினர். குழந்தைகளைப் பாட்டியும் அக்காளும் அயலாரும் பார்த்தனர். பலர் கையில் வளர்வதனாலேயே தாயின்மேற் பற்று கெட்டுவிடும் என்பதற்கு அவர் சான்று காணவில்லை. குழந்தை ஒரே காலத்திற் பலரிடம் பற்றுக் கொள்ளக்கூடும் என்றே கண்டார். 1967இல் நூலாக வந்த அந்த ஆராய்ச்சியை மஸ்கெலியாவின் கிழவி ஒருத்திக்கு எடுத்துரைத்திருந்தால், இதை அறிய இத்தனை தூரம் போக வேண்டுமா என்று அவள் கேட்டிருப்பாள்.

ஆயினும் பிள்ளைக் காம்பராவை வானளாவப் புகழ்வதும் நேர்மையாகாது. ஒரு கிழவிக்கு இருபது முப்பது பிள்ளைகள் என்றால் அவள் யாருடைய கண்ணீரைத் துடைப்பாள்? அழுகிற குழந்தையைத் தூக்குவாள். அழாத குழந்தை தொட்டிலிலேயே கிடக்கும். பேச்சுக் கொடுப்பாரின்றிப் பகலைக் கழித்த பிள்ளை சொற்களைத் தாமதித்தே கற்கும். ஆயா மாறாமல் இருந்த தோட்டத்திலே பிள்ளைகள் அவளை இன்னொரு பாட்டியாகவே கொண்டனர். வேண்டியவர், வேண்டாதவர் என்று துரைத்தனம் ஆளை மாற்றிக்கொண்டிருந்த தோட்டத்திலே, ஒவ்வொரு மாற்றமும் சின்னஞ்சிறு நெஞ்சங்களுக்கு ஒவ்வோர் இழவு. இந்த வேறுபாட்டை எந்தக் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் எழுதுவதில்லை.

நடக்கக் கற்ற பிள்ளைக்கு இரண்டாம் பள்ளி லயத்து முற்றம். அங்கே வளர்ப்பவர் பெரியவர்கள் அல்லர். எட்டு ஒன்பது வயது அக்காள்மார். இடுப்பிலே தம்பியைச் சுமந்துகொண்டே பாண்டி ஆடும் சிறுமியை மலைநாட்டில் அறியாதார் இல்லை. பிறர் மனத்தில் உள்ளது வேறு, தன் மனத்தில் உள்ளது வேறு என்று குழந்தை எப்போது அறிகிறது என்பதை ஆராய, 1983இல் ஆஸ்திரிய நாட்டில் விம்மர், பெர்னர் என்னும் இருவர் ஒரு சோதனை வகுத்தனர். கதையிலே ஒரு சிறுவன் இனிப்பை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் அறியாமல் அது வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது. திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மிகச் சிறிய பிள்ளைகள் இனிப்பு இப்போது இருக்கும் இடத்தையே காட்டின. நான்கு வயதையொட்டித்தான் அவன் நம்பும் இடத்தைக் காட்டும் ஆற்றல் வந்தது. உடன்பிறந்தார் உள்ள பிள்ளைகள் இச்சோதனையில் முந்துகின்றன என்று 1994இல் பெர்னரும் அவர்தம் கூட்டத்தாரும் கண்டனர். 1996இல் கிரேத்தாத் தீவிலும் சைப்பிரசிலும் நடந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி சென்று, மூத்த பிள்ளைகளோடும் உறவினரோடும் நாள்தோறும் பழகும் குழந்தையே இதில் விரைந்து தேறுகிறது என்று கூறியது. இருபது காம்பராக்களின் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் உருண்டு புரளும் லயம் இந்த வகையிலே வறுமைப்பட்ட இடமன்று. கோலிக்குண்டு விளையாட்டின் விதிகளைச் சிறுவர் தாமே வகுத்து, மீறி, வாதாடி, மறுபடி இணங்கும் முறையிலேதான் நீதியுணர்வு முளைக்கிறது என்று சுவிட்சர்லாந்து நாட்டின் பியாஜே 1932இல் எழுதினார். அவ்வகை நீதிமன்றம் மஸ்கெலியாவின் ஒவ்வொரு லயத்து முற்றத்திலும் மாலைதோறும் கூடியது.

உணர்ச்சிகளைப் பெரியவர்கள் மறைத்து வைக்கும் சமூகங்கள் உண்டு, லயம் அப்படிப்பட்டதன்று. மாசி மாதத்திலே காமன் கூத்து வரும். வளர்பிறையிற் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதனை ரதி தடுப்பாள், அவன் கேளாமல் போவான், எரிந்து சாம்பலாவான், ரதி புலம்புவாள். பகலிலே மட்டக் கத்தி பிடித்துக் கவ்வாத்து வெட்டிய இளைஞனே இரவிலே ரதியாய் வேடமிட்டு அழுவான். தப்பின் ஓசைக்கு நடுவே தன் தாயும் அத்தையும் வாய்விட்டு அழுவதைத் தூங்கி வழியும் பிள்ளை அவர்கள் மடியிலிருந்தே காணும். துயரம் என்பது சொல்லக் கூடியது, பலர் கூடிச் சுமக்கக் கூடியது என்ற அறிவு அதற்கு ஏட்டிலிருந்து கிடைக்கவில்லை. சாவு வீட்டு ஒப்பாரியும் அவ்வாறே. ஊரிலே விட்டுவந்த தாயையும் கங்காணி ஏமாற்றிய கதையையும் தாலாட்டிலேயே பாடித் தொட்டிலாட்டிய தாய்மார் பலர். தலவாக்கலைப் பகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாடல்களை அரிதின் முயன்று திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பாக நமக்கு அளித்தார். குழந்தைகளின் உள்ளத்தை எழுத விரும்புவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் அத்தொகுப்பு.

அந்தப் பிள்ளை கற்ற இன்னொரு பாடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு பொய்யாகும். துரை வருகிற வழியிலே தொழிலாளி பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். விரித்த குடையை மடக்க வேண்டும். தலைப்பாகையை எடுக்க வேண்டும். வீட்டிலே உரத்துப் பேசும் தந்தை மழையிலே குடையை மடக்கிக்கொண்டு குரல் தாழ்ந்து நிற்பதை மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். அடித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. யார் முன்னே எவ்வளவு குனிய வேண்டும், கங்காணிக்கு ஒரு குரல், கணக்கப்பிள்ளைக்கு ஒரு குரல், டாக்டர் ஐயாவுக்கு ஒரு குரல் என்பதை ஐந்து வயதிலேயே அவன் பிழையின்றி அறிந்தான். உளவியலார் இதனையும் சமூக அறிவு என்றுதான் சொல்வர். ஆனால் தந்தையின் அவமானத்தைக் கண்ட பிள்ளையின் நெஞ்சிலே மூளும் சினம் எங்கே போகிறது? சிலரிடம் அது இரவிலே சாராயமாயிற்று. 1931இல் நடேச ஐயர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் தொடங்கியபோது அங்கே திரண்டவர்களுட் சிலரிடமேனும் அது வேறு வடிவம் கொண்டது.

பிள்ளைப் பருவம் முடிந்த நாளையும் தோட்டமே குறித்துக் கொடுத்தது. செக்ரோலிலே பெயர் பதிந்தால் பிள்ளை ஆளாகிவிட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ் மேல்மலைநாட்டுக்கு முதன்முதலில் வகுக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கென ஒரு சம்பளவீதம் அரசாங்க ஏட்டிலே அச்சாகியிருப்பதை இன்றைய மாணவர் வியப்போடு படிப்பர். 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்துரைமார் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டுமென்றன. விளைவு, பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்பது 1970களின் பிற்பகுதியிலேதான் முறையாகத் தொடங்கியது. இந்த இடைக்காலத்திற் பெரிதும் இழந்தவள் முற்றத்து அக்காளே. தம்பியைச் சுமந்த இடுப்போடு அவள் பாடசாலை வாசல்வரை வந்து திரும்பினாள். பிறர் மனத்தை அறியும் கலையிலே தேர்ந்தவள் தன் பெயரை எழுத அறியாமல் வளர்ந்தாள்.

லயத்து உறவுகள் மீது விழுந்த மிகப் பெரிய அடி வறுமையினால் வந்ததன்று, கையெழுத்தினால் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். எண்களாகப் பார்த்தால் தெளிவான கணக்கு. ஆனால் ஒரே லயத்தின் ஐந்தாம் காம்பராவுக்கு ஒரு நாடு, ஆறாம் காம்பராவுக்கு இன்னொரு நாடு. மணமாகிச் சென்ற மகள் ஒரு பட்டியலில், அவள் பிள்ளையை வளர்த்த அம்மாயி மறு பட்டியலில். ஹற்றனிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் அழுகைக் கோச்சி என்றனர். கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரிற் பலர் நீலகிரியிலும், அரசு அங்கே 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும் குடியேறி, அவ்விடத்தில் சிலோன்காரர் ஆயினர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றது. அதன்பின் போய்ப் பார்த்து வரவும் வழியில்லை. கூட விளையாடியவன் ஒரு நாள் காலையில் மறைந்து போனதை, காம்பராவிலே பூட்டுத் தொங்குவதை, எஞ்சிய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லப் பெரியவர்களுக்கே சொல் இருக்கவில்லை. நிலையான உறவு என்று போல்பி கூறியதை நினைவிற் கொண்டு பார்த்தால், எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைக் காம்பரா செய்யாத தீங்கை இந்த உடன்படிக்கை சில ஆண்டுகளிற் செய்தது எனலாம்.

அதே காலத்திலே மஸ்கெலியா தன் ஊரையும் இழந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய நகரம் நீருக்குள் மூழ்கியது. கடைத்தெரு மேட்டுக்கு மாறியது. கடும் வறட்சியிலே நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பெரியவர்கள் இறங்கிப் போவதுண்டு. 1970களின் நடுப்பகுதியில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களிலே சாவுகள் பெருகின. பசித்த வீட்டிலே பாசம் குறைவதில்லை; ஆயினும் பசித்த குழந்தை விளையாடாது, விளையாடாத குழந்தை கற்காது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையில் பிள்ளைக் காம்பரா, சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயர் பெற்றது. கிழவியின் இடத்திலே பயிற்சி பெற்ற இளம்பெண்கள் அமர்த்தப்பட்டனர். சுவரிலே படங்களும் தரையிலே விளையாட்டுப் பொருள்களும் வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் தாய்மார் மலைக்குப் போவதும் குறைந்துவருகிறது. 1980களிலிருந்து அவர்களிற் பலர் மத்தியகிழக்கு நாடுகளுக்கும் கொழும்புக்கும் வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். மாலையிலே திரும்பிய தாய்க்கும் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பும் தாய்க்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையின் நெஞ்சம் நன்கு அறியும். 2013இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குச் செல்லலாகாது என்று விதித்தது. 2022இல் அவ்வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. தாயின் சம்பளம் எதனால் போதவில்லை என்று அவ்விதி கேட்கவில்லை. தந்தையின் பிரிவைப் பற்றியும் அது பேசவில்லை. மலைநாட்டிலே அந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இன்று அம்மாயியின் காம்பராவில் வளர்கின்றனர். அவளுள்ளும் பலர் கொழுந்து மலையிலே முதுகு வளைந்து ஓய்வுபெற்றவர்கள், தாமும் ஒரு காலத்தில் பிள்ளைக் காம்பராவின் துணித் தொட்டிலில் ஆடியவர்கள்.